பழைய அமெரிக்க வெள்ளிக் காசுக்கு விலை பார்ப்பது எப்படி: ஒரு பிஸ்கட் டப்பாவும் ஒரு தராசும்

கடியபட்டணத்திலிருந்து ஒரு தங்கச்சி போன மாசம் மகனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கையில் துருப்பிடித்த பிஸ்கட் டப்பா. அவளுடைய பாட்டா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். துறைமுகம் துறைமுகமாகச் சுற்றிவிட்டு ஊருக்கு வரும்போதெல்லாம் சட்டைப்பையில் மிஞ்சிய சில்லறையை அந்த டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். அவர் போய்ச் சேர்ந்து இருபது வருஷம் ஆகிறது. இப்போது வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து டப்பா இறங்கியிருக்கிறது.

எனக்கு முன்னால் ஒரு நகைக்கடையில் காட்டியிருக்கிறார்கள். கடைக்காரர் காசை ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. மொத்தத்தையும் தராசில் கொட்டி, "ஐயாயிரம் தாறேன்" என்றிருக்கிறார். பையனுக்கு அது சரியாகப் படவில்லை. "மாமா, இதே மாதிரி டாலருக்கு இருபது லட்சம் கிடைக்கும்னு யூடியூப்பில ஒருத்தன் சொல்லுதான்" என்றான்.

ஐயாயிரமும் தப்பு, இருபது லட்சமும் தப்பு. சரியான விலையை அந்தப் பையனே அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்குச் செய்ததை அதே வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. தக்கலையில் ஒரு வங்கியில் முப்பது வருஷம் நகைக்கடனுக்கு அப்ரைசராக இருந்தேன். அதற்கு முன்னால் வடசேரியில் அப்பாவின் பட்டறை. வடசேரி என்றால் கோயில் நகை. பரதநாட்டியப் பெண்கள் போட்டுக்கொள்ளும் சிவப்புக்கல் தலைசாமானும் ஒட்டியாணமும் அங்கேதான் செய்கிறார்கள். அடியில் வெள்ளி, மேலே தங்கத் தகடு. அதனால் பட்டறைக்கு வெள்ளி எப்போதும் வேண்டும், யாராவது வெளிநாட்டுக் காசைக் கொண்டு வந்தால் அப்பா வேண்டாம் என்று சொல்ல மாட்டார். கடற்கரைக் கப்பல்காரர்கள் கொண்டு வருவார்கள். 1907இல் நாகர்கோவிலுக்கு அமெரிக்க லுத்தரன் மிஷன் வந்தது. மிஷன் வீடுகளில் சமையல் வேலை, தோட்ட வேலை பார்த்த குடும்பங்களிலிருந்தும் ஒன்றிரண்டு வரும். மூசையில் போடுவதற்கு முன்னால் அப்பா என்னைக் கூப்பிடுவார். "எழுத்தை வாசிலே. உருக்கிட்டா திரும்ப வராது."

ஆகவே தராசைப் பிறகு எடுக்கலாம், முதலில் வாசியுங்கள். ஒரு வெள்ளைத் துணியை விரித்து, சன்னல் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு காசிலும் மூன்று விஷயங்களைத் தேடிக் காகிதத்தில் எழுதுங்கள்: என்ன காசு, எந்த வருஷம், ஓரத்திலோ படத்துக்குக் கீழேயோ குட்டியாக ஒரு ஆங்கில எழுத்து இருக்கிறதா. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லென்ஸ் இருந்தால் நல்லது. இல்லையென்றால் போன் கேமராவே போதும்.

வருஷத்தில் நினைவில் வைக்க வேண்டியது 1964. அமெரிக்காவின் பத்து சென்ட் காசான டைம், இருபத்தைந்து சென்ட் குவார்ட்டர், ஐம்பது சென்ட் அரை டாலர் ஆகிய மூன்றும் 1964 வரை நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி, பத்து செம்பு. வெள்ளி விலை ஏற ஏற, காசை உருக்கினால் அதன் முகமதிப்பைவிட அதிகம் கிடைக்கும் என்ற நிலை நெருங்கியது. 1965இல் சட்டம் போட்டு டைமிலும் குவார்ட்டரிலும் வெள்ளியை அடியோடு எடுத்துவிட்டார்கள். அரை டாலரில் மட்டும் 1970 வரை நாற்பது சதவீதம் விட்டு வைத்தார்கள். பெரிய வெள்ளி டாலர் அதற்கு வெகு முன்பே, 1935உடன் நின்றுவிட்டது. 1971இலிருந்து 1978 வரை வந்த ஐசனோவர் டாலர் பார்க்க அதே அளவு, அதே பளபளப்பு. ஆனால் புழக்கத்துக்கு விட்டதெல்லாம் செம்பும் நிக்கலும்தான். நம் ஊரில் 'வெள்ளி டாலர்' என்று சொல்லிக் கொண்டு வரப்படுவதில் பாதி இந்த ஐசனோவர்தான். நானே பல பேருடைய முகத்தை வாட வைத்திருக்கிறேன்.

வருஷம் தேய்ந்து படிக்க முடியாவிட்டால் காசை நிமிர்த்தி விளிம்பைப் பாருங்கள். வெள்ளிக் காசின் விளிம்பு முழுக்க ஒரே நிறம். 1965 முதல் வந்த டைமிலும் குவார்ட்டரிலும் இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவே கிரீம் வைத்தது போலச் செம்புக் கோடு ஓடும். பையன் இதைப் பார்த்ததும் மூன்று குவார்ட்டர்களில் ஒன்றைத் தனியே எடுத்து வைத்தான். திருப்பினால் 1967.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு, எனக்குப் பிடித்த காசும் அதுதான். ஐந்து சென்ட்டுக்கு நிக்கல் என்றே பெயர், அதில் வெள்ளி கிடையாது. ஆனால் இரண்டாம் உலகப்போரில் நிக்கல் உலோகம் தளவாடத்துக்குத் தேவைப்பட்டதால், 1942 அக்டோபரிலிருந்து 1945 வரை 56 பங்கு செம்பு, 35 பங்கு வெள்ளி, 9 பங்கு மாங்கனீசு கலந்து அடித்தார்கள். எடை வழக்கம்போல ஐந்து கிராம்தான், அதனால் தராசு இதைக் காட்டிக் கொடுக்காது. பின்பக்கம் ஒரு மாளிகை இருக்கும். அதன் குவிமாடத்துக்கு மேலே பி, டி, எஸ் என்ற எழுத்துகளில் ஒன்று பெரியதாக இருந்தால் அது வெள்ளி நிக்கல். டப்பாவில் 1943 பி ஒன்று கிடந்தது. கறுத்து, யாரும் திரும்பிப் பார்க்காத முகத்தோடு.

அப்புறம் தராசு. காய்கறித் தராசு ஆகாது. கிராமில் நூறில் ஒரு பங்கு காட்டும் பாக்கெட் தராசு இப்போது சல்லிசாகக் கிடைக்கிறது. முதலில் தெரிந்த ஒரு எடையை வைத்துத் தராசையே சோதியுங்கள். புதிதாக வெளிவந்த காசு எடுத்த எடுப்பில் காட்ட வேண்டிய எடை இது: டைம் 2.50 கிராம், குவார்ட்டர் 6.25, அரை டாலர் 12.50, வெள்ளி டாலர் 26.73. நாற்பது சதவீத அரை டாலர் 11.50. வெள்ளியே இல்லாத குவார்ட்டர் 5.67, ஐசனோவர் டாலர் 22.68.

இந்தக் கணக்கில் ஒரு அழகு இருக்கிறது. பத்து டைம் வைத்தாலும் 25 கிராம், நாலு குவார்ட்டர் வைத்தாலும் 25, இரண்டு அரை டாலர் வைத்தாலும் 25. அதாவது ஒரு டாலர் சில்லறை எப்படி இருந்தாலும் 25 கிராம். அதில் சுத்த வெள்ளி 22 கிராம் 500 மில்லி. முழு டாலர் நாணயம் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராமல் தனி எடை, சுத்த வெள்ளி 24 கிராம் 60 மில்லி. எங்கள் பாட்டா காலத்தில் திருவிதாங்கூர் சர்க்கார் ரூபாய்க்கு 28 சக்கரம், பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரை சக்கரம் என்று கணக்கு. அந்த அரைச் சக்கரத்துக்காகச் சந்தையில் சண்டையே நடக்கும் என்று சொல்வார். அதோடு பார்த்தால் அமெரிக்கக் கணக்கு சுலபம்.

கையில் புழங்கிய காசு கொஞ்சம் குறையத்தான் செய்யும். 6.25க்குப் பதில் 6.15 இருந்தால் பயப்பட வேண்டாம், அது தேய்மானம். ஆனால் முகத்தில் தேய்மானமே இல்லாமல் எடை மட்டும் ஒரு கிராம் குறைந்தாலும், எடை கூடுதலாக இருந்தாலும், அங்கே நின்றுவிடுங்கள். பழங்காசு எடை குறையலாம், கூட வழியில்லை.

டப்பாவில் 1876 என்று போட்ட ஒரு டிரேடு டாலர் இருந்தது. சீன வாணிபத்துக்காக 1873இலிருந்து அமெரிக்கா அடித்த பெரிய காசு. பின்பக்கம் '420 கிரெய்ன்ஸ்' என்று அதன் எடையை அதிலேயே எழுதியிருப்பார்கள், நம் கணக்கில் 27.22 கிராம். பையன் இதைத்தான் முதலில் இணையத்தில் தேடி, லட்சங்களில் கனவு கண்டிருந்தான். தராசில் 21 கிராம் சொச்சம் காட்டியது. பிரிட்ஜ் கதவில் இருந்த காந்தத்தை எடுத்து அருகே கொண்டு போனேன், டக்கென்று ஒட்டிக்கொண்டது. வெள்ளியைக் காந்தம் இழுக்காது. உள்ளே இரும்பு. டிரேடு டாலரிலும், மார்கன் என்ற வகை வெள்ளி டாலரிலும் போலி ஏராளம். துறைமுகங்களில் நினைவுப் பொருளாகவே விற்பார்கள். பாட்டா ஏமாந்தாரா, தெரிந்தே விளையாட்டாக வாங்கினாரா, யார் கண்டது.

காந்தத்தில் ஒட்டாததெல்லாம் வெள்ளி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பித்தளையும் ஒட்டாது, ஈயமும் ஒட்டாது. பட்டறையில் நாங்கள் உரசிப் பார்ப்போம். சேகரிப்பு மதிப்புள்ள காசை உரைகல்லில் தேய்ப்பதும், அரத்தால் ஓரத்தைக் கீறி ஆசிட் விடுவதும் கூடவே கூடாது. அதற்குப் பதில் தண்ணீர்ச் சோதனை இருக்கிறது, காசுக்கு ஒரு கீறலும் விழாது. ஒரு சின்னப் பிளாஸ்டிக் கப்பில் பாதி தண்ணீர் எடுத்துத் தராசில் வைத்து ஸீரோ ஆக்குங்கள் (பாக்கெட் தராசு பெரும்பாலும் 200 கிராம்தான் தாங்கும், கனமான டம்ளர் வேண்டாம்). காசை மெல்லிய தையல் நூலில் கட்டி, கப்பின் அடியையும் பக்கத்தையும் தொடாமல் முழுக்கத் தண்ணீருக்குள் தொங்க விடுங்கள். தராசு இப்போது காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி வரும். தொண்ணூறு சதவீத வெள்ளிக்கு 10.3 வர வேண்டும். ஒரு நல்ல வெள்ளி டாலர் தண்ணீரில் 2.6 கிராம் காட்டும். பித்தளையில் செய்த போலி அதே எடைக்கு 3.1க்கு மேல் போகும். பையன் இதை மூன்று டாலருக்கும் செய்தான். மூன்றும் 2.58க்கும் 2.61க்கும் நடுவில் நின்றன. பள்ளிக்கூடத்தில் ஆர்க்கிமிடிஸ் படித்தபோது இவ்வளவு ஆர்வமாகப் படித்தானா என்று அவன் அம்மை கேட்டாள்.

நகைக்கடையில் சுத்தம் பார்க்கும் டச் மிஷினில் போட்டுப் பார்த்தால் என்ன என்று கேட்பீர்கள். பார்க்கலாம், காசு கெடாது. ஆனால் அந்த மிஷின் மேல்தோலைத்தான் படிக்கும். 1965 முதல் 1970 வரை வந்த கென்னடி அரை டாலரில் மேல் அடுக்கு எண்பது சதவீத வெள்ளி, உள்ளே இருப்பது சுமார் இருபத்தொன்று, மொத்தமாகச் சேர்த்தால்தான் நாற்பது. மிஷின் எண்பது என்று காட்டும், விற்பவர் துள்ளிக் குதிப்பார், உருக்கியதும் சண்டை. டப்பாவில் 1967 கென்னடி ஒன்று இருந்ததால் இதைச் சொல்கிறேன். எடை 11.50, சுத்த வெள்ளி 4 கிராம் 600 மில்லி. அதற்கு மேல் ஒரு குன்றிமணிகூட இல்லை.

இனி கூட்டல். கணக்குக்காகச் சுத்த வெள்ளி கிராம் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்கிறேன், நீங்கள் அன்றன்றைய விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். அதுவும் நம் ஊர் விலையையே போடுங்கள். உலகச் சந்தையில் வெள்ளியை 31.1 கிராம் கொண்ட டிராய் அவுன்ஸில் டாலருக்குச் சொல்வார்கள். அதை ரூபாயாக்கினால் இங்கத்து விலை வராது, இறக்குமதி வரி இடையில் நிற்கிறது.

டப்பாவில் மொத்தம் பதினாறு காசு. மூன்று வெள்ளி டாலர், 72 கிராம் சொச்சம். லிபர்ட்டி அம்மாள் சூரியனைப் பார்த்து நடந்து போகும் அரை டாலர் இரண்டு, 1942உம் 1943உம், 22.50. கென்னடி 4.60. குவார்ட்டர் இரண்டு, 11.25. தலையில் சிறகு வைத்த மெர்க்குரி டைம் நாலு, 9 கிராம். போர்க்கால நிக்கலில் 1.75. மிச்சம் மூன்றும், அதாவது 1967 குவார்ட்டர், 1972 ஐசனோவர், போலி டிரேடு டாலர், வெள்ளிக் கணக்கில் சேராது. கூட்டினால் 121 கிராம். தேய்மானத்துக்கு இரண்டு கிராம் தள்ளினாலும் 119. நூறு ரூபாய் விலையிலேயே பதினோராயிரத்துத் தொள்ளாயிரம். ஐயாயிரம் என்று சொன்னவர் எந்தக் கணக்கில் சொன்னார் என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

இதுதான் அடித்தளம். எவ்வளவு கறுத்துக் கிடந்தாலும், எவ்வளவு தேய்ந்தாலும், இதற்குக் கீழே போக அந்தக் காசுக்கு அவசியம் இல்லை. இதற்கு மேலே போகுமா என்பதைத்தான் வருஷமும் அந்தக் குட்டி எழுத்தும் சொல்லும்.

எழுத்து என்பது காசை அடித்த ஊர். எழுத்தே இல்லாவிட்டால் பெரும்பாலும் பிலடெல்பியா. டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், சி சி என்று இரட்டை எழுத்து இருந்தால் கார்சன் சிட்டி. மார்கன் டாலரில் பின்பக்கம் கழுகுக்குக் கீழே உள்ள இலைமாலையின் முடிச்சுக்கு அடியில் பாருங்கள். அதற்குப் பின் வந்த பீஸ் டாலரில் பின்பக்கம் கீழே இடது ஓரத்தில், கழுகின் சிறகு நுனி அருகே இருக்கும். 1964 வரையிலான வாஷிங்டன் குவார்ட்டரில் பின்பக்கம் கழுகின் அடியில். நடக்கும் லிபர்ட்டி அரை டாலரில் பின்பக்கம் கீழே இடது ஓரம், 1916இலும் 1917இல் சிலவற்றிலும் மட்டும் முன்பக்கம். மெர்க்குரி டைமில் பின்பக்கம், நடுவில் நிற்கும் கட்டுக்கோலின் அடிக்கு இடது பக்கம்.

அப்புறம் எந்த வருஷம், எந்த எழுத்து அரிது என்று பார்க்க வேண்டும். மார்கனில் 1893 எஸ் தான் ராஜா, ஒரு லட்சம் மட்டுமே அடித்தது. 1889 சி சியும் பெரிய விலைக்குப் போகும். பொதுவாகவே சி சி எழுத்து இருந்தால் காசைக் கீழே வைக்காமல் விசாரியுங்கள். பீஸ் டாலரில் 1921, எழுத்தில்லாத 1928, 1934 எஸ். டைமில் 1916 டி. குவார்ட்டரில் 1932இன் டியும் எஸ்ஸும். நடக்கும் லிபர்ட்டி அரை டாலரில் 1921. இவற்றில் ஒன்று உங்கள் கையில் இருப்பது போலத் தெரிந்தால் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம் வரட்டும். சாதாரண 1916 டைமில் ஒரு டி எழுத்தை ஒட்ட வைப்பது பழைய வித்தை. எழுத்தின் அடியைச் சுற்றி லென்ஸில் மெல்லிய கோடு தெரிந்தால், ஒட்டியது.

பையன் லட்சக்கணக்கில் நம்பியிருந்தது 1921 மார்கன். அந்த ஒரே வருஷத்தில் மட்டும் மூன்று ஊரிலும் சேர்த்து எட்டுக் கோடியே அறுபது லட்சத்துக்கும் மேல் அடித்திருக்கிறார்கள். நூறு வருஷப் பழசுதான், ஆனால் அரிது அல்ல என்று நான் சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. அதற்காகவே அதன் கதையைச் சொன்னேன். இது நம் கதையும்கூட.

முதல் உலகப்போர் சமயத்தில் இந்தியாவில் ஜனங்களுக்குக் காகித ரூபாயின் மேல் நம்பிக்கை போய்விட்டது. நோட்டை நீட்டி வெள்ளி ரூபாய் கேட்டார்கள். சர்க்காரிடம் இருந்த வெள்ளி வற்றிக்கொண்டே போனது. பிரிட்டன் அமெரிக்காவிடம் கைநீட்டியது. 1918இல் பிட்மன் சட்டம் என்று ஒன்று போட்டு, பெட்டகத்தில் கிடந்த வெள்ளி டாலர்களில் இருபத்தேழு கோடியை உருக்கினார்கள். அதில் ஏறக்குறைய இருபத்தாறு கோடி டாலரின் வெள்ளி இந்தியாவுக்காக விற்கப்பட்டது. உருக்கியதை ஈடுகட்டத்தான் 1921இல் அவசர அவசரமாக அவ்வளவு டாலர் அடித்தார்கள். உங்கள் வீட்டுப் பூஜை அறையிலோ, பாட்டியின் சுருக்குப்பையிலோ 1918ஆம் வருஷத்து ஜார்ஜ் மன்னர் ரூபாய் இருந்தால், அதன் பதினொன்றரைக் கிராமுக்குள் ஏதோ ஒரு மார்கன் டாலரின் வெள்ளி கொஞ்சம் கரைந்து கிடக்க நல்ல வாய்ப்பு உண்டு. எங்கள் பட்டறையில் அந்த ரூபாய்களையும் உருக்கியிருக்கிறோம். ஒரே வெள்ளி இரண்டு தடவை முகம் இழந்திருக்கிறது.

இந்தக் கதையால் விலை பார்ப்பதற்கும் ஒரு பிரயோஜனம் உண்டு. எத்தனை அடித்தார்கள் என்ற எண்ணிக்கையை மட்டும் வைத்து அரிது, மலிவு என்று முடிவு கட்டக் கூடாது. எந்த வருஷத்துக் காசு எவ்வளவு உருகிப்போனது என்று யாரும் தனித்தனியாகக் கணக்கு எழுதி வைக்கவில்லை.

டப்பாவில் நான் மெதுவாகக் கையில் எடுத்தது வேறொன்று: 1884 ஓ. இதுவும் அரிய வருஷம் இல்லை, நியூ ஆர்லியன்ஸில் தொண்ணூற்றேழு லட்சம் அடித்தது. ஆனால் தேயவே இல்லை. லிபர்ட்டியின் காதுக்கு மேலே கூந்தல் இழை இழையாக நின்றது, கழுகின் நெஞ்சில் இறகு தெரிந்தது. மார்கனில் முதலில் தேய்வது இந்த இரண்டு இடம்தான். விளக்கடியில் மெல்லச் சாய்த்தால் வண்டிச்சக்கரத்தின் ஆரக்கால் போல ஒளி காசைச் சுற்றி ஓடியது. அச்சிலிருந்து விழுந்த நாளின் ஒளி அது, ஒருமுறை போனால் எந்த ஆசாரியாலும் திரும்ப வரவழைக்க முடியாது. இந்த மாதிரிக் காசுக்கு வெள்ளி விலைக்கு மேல் சேகரிப்பாளர்கள் கொடுப்பார்கள். அமெரிக்காவில் இதற்காகவே பிசிஜிஎஸ், என்ஜிசி என்று இரண்டு நிறுவனங்கள் ஒன்றிலிருந்து எழுபது வரை மதிப்பெண் போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகின்றன. அறுபதும் அதற்கு மேலும் என்றால் புழக்கத்தில் தேயாத காசு. அனுப்பும் செலவும் கட்டணமும் சேர்த்தால் சாதாரணக் காசுக்குக் கட்டுப்படி ஆகாது. 1893 எஸ் மாதிரி ஒன்று மாட்டினால்தான் அந்த வழியை யோசிக்க வேண்டும்.

இங்கே என் சொந்தப் பாவம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பத்தொன்பது வயதில், மிஷன் வீட்டுத் தோட்டக்காரர் ஒருவர் அடகுக்குக் கொண்டுவந்த மார்கன் டாலர் கருநீலமும் செம்பொன்னுமாகப் படிந்து இருந்தது. அழுக்கு என்று நினைத்து, குத்துவிளக்கைத் தேய்ப்பது போலப் புளி போட்டு ஊறவைத்து, திருநீறால் தேய்த்துப் பளபளவென்று அப்பாவிடம் நீட்டினேன். அப்பா அடிக்கவில்லை. காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, மூசைப் பக்கம் தள்ளி வைத்தார். அந்தப் படிவுக்காகவே தனி விலை கொடுப்பவர்கள் உண்டு என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. புளி, திருநீறு, பல்பொடி, சாம்பல், எலுமிச்சை எதுவும் வேண்டாம். பிசுபிசுப்பாக இருந்தால் சுத்தமான அசிட்டோனில் முக்கி, துடைக்காமல் உலர விடுங்கள், போதும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள், கட்டைவிரல் ரேகைகூட நாளாக ஆகக் காசில் பதிந்துவிடும்.

வைக்கும் விதமும் சொல்கிறேன். நம் கடற்கரை உப்புக்காற்று வெள்ளிக்கு ஆகாது. வளையும் பிவிசி கவரில் போட்டால் சில வருஷத்தில் பச்சைப் பிசின் மாதிரிப் படரும். ரப்பர் பாண்ட் சுற்றவே கூடாது, அதில் உள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கவைக்கும். ரப்பர் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தனித்தனிக் காகித உறை, காற்றுப் புகாத டப்பா, செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. அவ்வளவுதான்.

ஒன்று விட்டுப்போனது. காசுமாலைக்காகக் கண்ணி பற்றவைத்த காசு, துளை போட்ட காசு எதுவானாலும் எந்த வருஷமானாலும் பெரும்பாலும் வெள்ளி எடை விலைதான். அதைப் பெயர்த்து எடுத்துத் தேய்த்துவிட்டால் தெரியாது என்று நினைக்காதீர்கள். தெரியும்.

விற்கப் போகும்போது நகைக்கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "டச் எவ்வளவு போடுறீங்க?" டச் என்றால் நூற்றுக்கு எவ்வளவு சுத்த வெள்ளி என்ற கணக்கு. தொண்ணூறு டச் உள்ள காசைக் கொலுசோடு கொலுசாகச் சேர்த்து எழுபது, எண்பது என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் காகிதத்தில் எடையும் சதவீதமும் எழுதியிருந்தால் பேச்சே வேறு. பழைய வெள்ளிக்குக் கொஞ்சம் கழிக்கத்தான் செய்வார்கள், அது தொழில். இரண்டு மூன்று கடை ஏறி இறங்குங்கள். உருக்கிப் பார்த்துவிட்டு விலை சொல்கிறேன் என்றால் காசைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். சேகரிப்பாளரிடம் விற்பதானால், இணையத்தில் ஒருவர் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்று முடிந்த ஏலங்களின் விலையைப் பாருங்கள். கேட்பதற்கு யாரும் எதையும் கேட்கலாம். நூறு வருஷம் தாண்டிய காசு நம் நாட்டுச் சட்டப்படி தொல்பொருள், அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்குத் தபாலில் போடக்கூடாது. பழைய காசை லட்சத்துக்கு எடுத்துக்கொள்கிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள் என்று போன் வந்தால் அது மோசடி. ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லியே இதைச் செய்கிறார்கள் என்று 2021இல் ரிசர்வ் வங்கியே எச்சரித்தது.

தங்கச்சி தேய்ந்த டைம்களையும் குவார்ட்டர்களையும் கென்னடியையும் விற்றாள். மூன்றாவதாக ஏறிய கடையில் டைமுக்கும் குவார்ட்டருக்கும் தொண்ணூறு டச்சே போட்டார்களாம். டாலர் மூன்றையும், நடக்கும் லிபர்ட்டி இரண்டையும் விற்கவில்லை, வீட்டு வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றாள். அந்த மூன்றில் 1884 ஓவை மட்டும் யாரிடமும் தேய்க்கக் கொடுக்காதே என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினேன். போர்க்கால நிக்கலைப் பையன் எடுத்துக்கொண்டான், ஐந்து சென்ட்டில் வெள்ளி இருப்பதைக் கல்லூரியில் காட்ட வேண்டுமாம். போலி டிரேடு டாலரை வேண்டாம் என்று இங்கேயே விட்டுப் போனார்கள். அது இப்போது என் பிரிட்ஜ் கதவில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது.